கத்தரிப்பல் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது?

கோண்டாவிலிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: வளவுக் கிணற்றைத் தூர்வாரியபோது சேற்றோடு ஒரு கீழ்த்தாடைத் துண்டு மேலே வந்தது. அதன் பின்பகுதியில் மூன்று பற்கள் அசையாமல் இருக்கின்றன. முதற்பல் பெரியது, கத்திபோல் கூரானது. எலும்பு கறுத்துக் கல்லைப்போல் கனக்கிறது. ஹயனோடன் என்ற அழிந்துபோன விலங்கின் பல்லும் படத்தில் இப்படித்தான் தெரிகிறது. இது உயிர்ச்சுவடாக இருக்குமா? ஹயனோடன் இறைச்சி தின்ற விலங்கு என்றால், அதை ஏன் ஊனுண்ணிகளின் வருணமாகிய கார்னிவோராவில் சேர்க்கவில்லை? ஒரு பல்லை வைத்துக்கொண்டு இவ்வளவையும் எப்படிச் சொல்கிறார்கள்?

தம்பி, முதலில் உங்கள் தாடைக்கு விடை சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றதை வாசிக்கும்போதும் உங்கள் மனம் அதிலேயே நிற்கும். நீங்கள் அனுப்பிய படத்தில் பெரிய பல்லுக்குப் பின்னால் ஒரு நடுத்தரப் பல் இருக்கிறது. அதற்கும் பின்னால் மிளகளவில் ஒரு பல் ஒட்டியிருக்கிறது. பின்னே போகப் போகப் பற்கள் சிறுக்கின்றன. இந்த ஒழுங்கு நாய்க் குடும்பத்துக்கு உரியது. ஊர்நாயாக இருக்கலாம், நரியாகவும் இருக்கலாம். இந்த ஒரு படத்தை வைத்து அவ்விரண்டில் எது என்று சொல்ல நான் துணியமாட்டேன். ஆனால் ஹயனோடன் அல்ல என்பதைச் சத்தியமாகச் சொல்லலாம். அதற்கு அந்த மிளகுப் பல்லே சாட்சி. ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன்.

கறுப்பு நிறத்தையும் கனத்தையும் நம்பவேண்டாம். காற்றுப் புகாத கிணற்றுச் சேற்றில் கிடக்கும் எலும்பு சில ஆண்டுகளிலேயே கறுத்துவிடும். நம்முடைய தண்ணீரோ சுண்ணாம்புத் தண்ணீர். கேத்திலின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிவது எலும்பின் துளைகளிலும் படியும். இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணக்கல். ஏறத்தாழ 230 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 53 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம் அது. அந்தக் கல் கடலடியில் படிந்தது. கிணறு வெட்டுகிறவர்கள் கல்லுக்குள் சிப்பியையும் பவளத்தையும் காண்பது அதனால்தான். தரையில் ஓடித் திரிந்த விலங்கொன்றை அந்தக் கல்லுக்குள் எதிர்பார்க்க முடியாது. உங்கள் தாடை கல்லுக்குள் இருந்து வரவில்லை, சேற்றிலிருந்து வந்தது. என்றோ ஒருநாள் தவறி விழுந்த பிராணியின் தாடை அது.

இனிப் பல்லுக்கு வருவோம். எல்லா எலும்பும் உக்கிப்போன இடத்திலும் பல் கிடைக்கிறது. பல்லின் மேற்பூச்சாகிய மிளிரியில் 96 வீதம் கனிப்பொருள். உடலில் அதைவிடக் கடினமான பொருள் இல்லை. அழிந்துபோன பல முலையூட்டிகளைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் சில பற்களும் உடைந்த தாடைத் துண்டுகளும்தான். அதனால்தான் இந்தத் துறையில் பல்லை வாசிக்கத் தெரிந்தவருக்கே முதல் இடம்.

வீட்டில் பாக்குவெட்டி இருந்தால் எடுத்துப் பாருங்கள். பாக்கை நுனியில் வைத்து யாரும் வெட்டுவதில்லை. இரண்டு பிடியும் சேரும் ஆணிக்குப் பக்கத்தில் வைத்துத்தான் வெட்டுவார்கள். விசை அங்கேதான் அதிகம். நாய் ஒரு பெரிய எலும்பையோ தடித்த சவ்வையோ கடிக்கும்போது தலையைச் சரித்து வாயின் ஓரத்துக்குத் தள்ளுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் இதே கணக்குத்தான். தாடை மூட்டுக்குப் பக்கத்தில் மேலே ஒரு பல்லும் கீழே ஒரு பல்லும் கத்தரியின் இரண்டு அலகுபோல் ஒன்றையொன்று உரசிக்கொண்டு இறங்குகின்றன. இந்தச் சோடியைக் கார்னேசியல் என்பார்கள். வகுப்பில் நான் கத்தரிப்பல் என்றே சொல்லி வந்தேன், இங்கும் அப்படியே சொல்கிறேன். வேட்டைப்பல்லைப் பார்த்து ஊனுண்ணி என்று முடிவு செய்வது பொதுவான பழக்கம். வேட்டைப்பல் பன்றிக்கும் உண்டு, குரங்குக்கும் உண்டு. பாகுபாட்டுக்கு அதனால் பெரிய உதவி இல்லை. கத்தரிப்பல்தான் பேசும்.

உங்கள் கையிலுள்ள பெரிய பல்லே கீழ்க் கத்தரிப்பல். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முன்பாதியில் இரண்டு அலகுகள், நடுவில் ஒரு வெட்டு. வெட்டுப்படும் தசை வழுக்கி ஓடாமல் அந்த வெட்டுக்குள் சிக்கிக்கொள்ளும். பின்பாதிக்கு வாருங்கள். அங்கே கூர் இல்லை. தாழ்ந்த, குழிந்த ஒரு மேடை இருக்கிறது. அது சிறிய உரல். மேற்கடைவாய்ப் பல்லின் முனை உலக்கையாக அதற்குள் இறங்கும். ஒரே பல்லில் முன்னால் கத்தியும் பின்னால் உரலும்! நாய் இறைச்சியும் தின்னும், சோறும் தின்னும், விழுந்த பனம்பழத்தையும் சூப்பும் என்பதை அந்தப் பல்லே சொல்லிவிடுகிறது. பூனையின் அதே பல்லைப் பாருங்கள். உரல் முற்றாகப் போய்விட்டது. திறந்து வைத்த புத்தகம்போல இரண்டு அலகுகள் மட்டும் இருக்கின்றன. அதற்குப் பின்னால் பல்லே இல்லை. நாய்க்கு 42 பற்கள், பூனைக்கு 30. குறைந்துபோனவற்றில் பாதி அரைக்கும் வேலைக்குரிய கடைவாய்ப் பற்கள்.

இதுவரை சொன்னது பல்லின் வடிவம். வடிவத்திலிருந்து உணவை அறியலாம். வம்சத்தை அறிய வேறொரு கேள்வி கேட்க வேண்டும்: கத்தரியாக வேலை செய்வது எத்தனையாவது பல்?

நாய், பூனை, கீரி, மரநாய், கரடி, கழுதைப்புலி, நீர்நாய், கடற்சிங்கம் ஆகிய அனைத்தும் கார்னிவோரா வருணம். தமிழ்நாட்டு நூல்களில் இதை வரிசை என்பார்கள். இந்த வருணத்தில் கத்தரி எப்போதும் ஒரே இடத்தில்தான்: மேலே நான்காவது முன்கடைவாய்ப் பல், கீழே முதலாவது கடைவாய்ப் பல். வேட்டைப்பல்லுக்குப் பின்னால் வருபவை முன்கடைவாய்ப் பற்கள், அவற்றுக்கும் பின்னால் வருபவை கடைவாய்ப் பற்கள். பழைய காலத்துச் சின்னஞ்சிறு மூதாதையரிலும் இதே இடம், இன்றைய சிறுத்தையிலும் இதே இடம். கரடிபோலச் சிலவற்றில் கூர் மழுங்கிப்போனது, கடற்சிங்கம்போலச் சிலவற்றில் பல் வெறும் முளையாகிவிட்டது. இருந்தாலும் வம்சத்தைப் பின்னோக்கிப் பார்த்தால் அதே இடத்தில்தான் போய் நிற்கும்.

ஹயனோடன் கூட்டத்தில் கத்தரி பின்னால் தள்ளி இருக்கிறது. மேலே இரண்டாவது கடைவாய்ப் பல், கீழே மூன்றாவது, அதாவது கடைசிப் பல். அவற்றுக்கு உறவு என்று கருதப்பட்ட ஒக்சியேனிட் என்ற கூட்டத்தில் மேலே முதலாவது, கீழே இரண்டாவது. ஹயனோடனின் கீழ்த்தாடையில் கடைவாய்ப் பற்கள் பின்னே போகப் போகப் பெரிதாகும். கடைசிப் பல்லே மிகப் பெரிய கத்தி. உங்கள் தாடையில் பெரிய பல்லுக்குப் பின்னால் இரண்டு சிறிய பற்கள் நிற்கின்றன. அந்த மிளகுப் பல் சாட்சி என்று சொன்னது இதற்காகத்தான்.

அமெரிக்கரான எட்வர்ட் டிரிங்கர் கோப் 1875 இல் இப்படிப்பட்ட பழைய ஊன்தின்னிகளைச் சேர்த்துக் கிரியோடொன்டா என்று பெயரிட்டார். நான் படித்த காலத்து நூல்களில் அது கார்னிவோராவுக்கு அண்ணன்போல நின்றது. இன்று பலர் அதை ஒரே கூட்டமாக ஏற்பதில்லை. ஹயனோடொன்டா, ஒக்சியேனொடொன்டா என்று பிரித்துத் தனித்தனி வருணங்களாக வைக்கிறார்கள். இரண்டிலும் கத்தரி வெவ்வேறு இடத்தில் இருப்பது அப்படிப் பிரித்ததற்கு ஒரு காரணம். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

ஆகவே கார்னிவோரா என்பது உணவின் பெயர் அல்ல, குடிவழியின் பெயர். வன்னிக் காட்டில் பாலைப்பழத்தையும் கறையானையும் தின்று வாழும் கரடி கார்னிவோரா. இறைச்சியைத் தவிர வேறெதையும் அரைக்கப் பல்லில்லாத ஹயனோடன் கார்னிவோரா அல்ல. இதை மாணவர் மனதில் பதியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஹயனோடன் என்ற பெயருக்கே கழுதைப்புலிப் பல் என்றுதான் பொருள். 1838 இல் அந்தப் பெயரை வைத்தவர்கள் வடிவத்தைப் பார்த்து வைத்தார்கள். கழுதைப்புலிக்கும் அதற்கும் உறவில்லை.

இடம் மாறினால் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பீர்கள். இந்தத் துறையில் என் மனதை மிகவும் கவர்ந்த செய்தி இதுதான். கார்னிவோராவின் கத்தரி வரிசையின் நடுவில் நிற்கிறது. அதற்குப் பின்னால் கடைவாய்ப் பற்களுக்கு இடம் மிச்சம். அந்த மிச்ச இடத்தை ஒவ்வொரு குடும்பமும் தன் தேவைக்கு ஏற்பப் பயன்படுத்தியது. கரடி அதை அகன்ற அரைகல்லாக்கியது. நாய் பாதி வைத்துக்கொண்டது. பூனை ஏறக்குறைய முழுவதையும் கைவிட்டது. ஹயனோடனுக்கு அந்த வசதி இல்லை. கடைவாய்ப் பற்கள் முழுவதும் கத்தியாகிக் கடைசிப் பல்லே பெரிய கத்தியாகிவிட்டபின் அம்மி வைக்க எங்கே இடம்? இறைச்சி குறைந்த காலத்தில் பழம், கிழங்கு, பூச்சி என்று மாறிக்கொள்ள வழி குறைவு. கார்னிவோரா நிலைத்ததற்கும் மற்றவை மறைந்ததற்கும் இதை ஒரு காரணமாகச் சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. இதுவே முழுக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த நீண்ட காலத்தில் காலநிலையும் காடும் இரைவிலங்குகளும் மாறின. ஆனால் பல் வரிசையில் ஓரிடம் முன்னால் நிற்பதற்கும் பின்னால் நிற்பதற்கும் இவ்வளவு விளைவு இருக்கலாம் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

ஹயனோடன் வழியினர் நம் துணைக்கண்டத்திலும் வாழ்ந்தார்கள். சிவாலிக் மலையடிவாரப் படிவுகளில் கிடைத்த ஒன்றுக்குக் கய் பில்கிரிம் என்ற ஆய்வாளர் 1910 இல் டிஸ்ஸோப்சாலிஸ் என்று பெயர் வைத்தார். இரட்டைக் கத்தரி என்று அதைத் தமிழாக்கலாம். அந்த வழியில் கடைசியாக எஞ்சியவற்றுள் அதுவும் ஒன்று. கென்யாவில் கிடைத்த, அதே வழியைச் சேர்ந்த சிம்பாகுப்வாவின் கதை இன்னொரு வகை. அதன் தாடையும் பற்களும் நைரோபி அருங்காட்சியகத்தின் இழுப்பறையில் பல்லாண்டுகள் கிடந்து, 2019 இல்தான் பெயர் பெற்றன. அதன் எடை 1,500 கிலோ என்று செய்திகளில் வந்தது. பல்லின் அளவைக்கொண்டு எடை சொல்லும்போது எந்த விலங்கை அளவுகோலாக வைக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை பல மடங்கு மாறும். ஹயனோடன் கூட்டத்துக்கு உடம்புக்கு மிஞ்சிய பெரிய தலை. அந்தப் பெரிய எண்ணை நான் நம்பவில்லை.

ஒரு பல் எத்தனையாவது பல் என்பதை எப்படி அறிவது? தாடை முழுதாக இருந்தால் எண்ணிவிடலாம். உடைந்திருந்தால் பாற்பல் விழுந்து முளைத்ததா, ஒரே தடவை முளைத்ததா என்று பார்ப்பார்கள். முன்கடைவாய்ப் பற்களில் பெரும்பாலானவற்றுக்குப் பாற்பல் முன்னோடி உண்டு, கடைவாய்ப் பல்லுக்கு இல்லை. இதில் நான் ஒருமுறை இடறினேன். இளம் வயதில் வல்லைவெளிப் பக்கம் ஒரு சின்னத் தாடையைப் பொறுக்கி வந்தேன். கத்தரிப்பல் தெளிவாக இருந்தது, அதற்குப் பின்னால் பல் இல்லை. கீரியுமில்லை, மரநாயுமில்லை, பூனையுமில்லை. புதிதாக ஏதோ கண்டுவிட்டேன் என்று இரண்டு கிழமை தூக்கமில்லை. பிறகு ஒருநாள் தாடையைச் சாய்த்துப் பார்த்தபோது, கடைசிப் பல்லுக்குப் பின்னால் எலும்புக்குள் ஒரு குழி தெரிந்தது. குழிக்குள் வெள்ளை முனை ஒன்று. ஊசியால் மண்ணைத் தட்டிவிட்டேன். முழுக் கத்தரிப்பல் முளைப்பதற்குக் காத்துக்கொண்டு இருந்தது. அது மூன்று மாதம்கூட நிரம்பாத நாய்க்குட்டி. பாற்பற்களிலும் ஒரு கத்தரிச் சோடி உண்டு. அது பெரிய கத்தரிக்கு ஓரிடம் முன்னால் இருக்கும், வடிவத்தில் அதன் சிறு அச்சு. அந்தத் தாடையையும் மற்ற மண்டையோடுகளையும் 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வில் விட்டுவிட்டு வந்தேன். திரும்பி வந்தபோது அலுமாரியே இல்லை. ஆனால் அந்தக் குழியும் வெள்ளை முனையும் இன்றும் என் கண்ணில் இருக்கின்றன. அன்று முதல் எந்தத் தாடையையும் முதலில் சாய்த்துத்தான் பார்ப்பேன்.

ஒரு பல்லை நம்பி எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்குப் பழைய உதாரணம் பிரான்சின் ஜோர்ஜ் கூவியே. 1804 இல், பாரிஸ் நகரின் மொன்மார்த்ர் ஜிப்சச் சுரங்கத்திலிருந்து வந்த கல்லில் ஒரு சிறு விலங்கின் எலும்புகள் தெரிந்தன. பல்லையும் தாடையையும் பார்த்த கூவியே, இது ஒப்போசம் என்ற பைப்பாலூட்டி என்றார். அப்படியானால் இடுப்பின் முன்புறம் பைப்பாலூட்டிகளுக்கு உரிய இரண்டு எலும்புகள் இருக்கவேண்டும். அவை கல்லுக்குள் மறைந்திருந்தன. சாட்சிகளை வைத்துக்கொண்டு நுண்ணிய ஊசியால் கல்லைச் சுரண்டினார். இரண்டு எலும்புகளும் இருந்தன. சொல்லிவிட்டுத் தோண்டியதால்தான் அது சோதனை. தோண்டிவிட்டுச் சொல்லியிருந்தால் வெறும் விளக்கம்.

ஆனால் பல் ஏமாற்றியும் இருக்கிறது. ஒரே தொழிலைச் செய்யும் விலங்குகளுக்கு ஒரே ஆயுதம் மீண்டும் மீண்டும் வளர்ந்திருக்கிறது. ஆர்ஜென்டீனாவில் கிடைத்த தைலகோஸ்மிலஸின் மேல் வேட்டைப்பற்கள் வாள்போல நீண்டவை. வாட்பல் பூனையென்று பெயர்பெற்ற ஸ்மைலோடனுக்குப் பக்கத்தில் வைத்தால் பிறத்தியாருக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் அது பைப்பாலூட்டிகளின் உறவுக் கூட்டம். அந்த வாள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருந்தது. டாஸ்மேனியாவில் 1936 இல் கடைசியாகச் செத்த தைலசீனின் மண்டையோடும் நாயுடையதுபோலவே இருக்கும். முன்பற்களை எண்ணினால் பிடிபட்டுவிடும். மேலே ஒரு பக்கத்தில் நாய்க்கு மூன்று வெட்டும் பற்கள், அதற்கு நான்கு.

பல் செய்த பெரிய ஏமாற்று திமிங்கிலத்தின் விடயத்தில் நடந்தது. மெசோனிக்கிட் என்று குளம்புடைய ஊன்தின்னிக் கூட்டம் ஒன்று இருந்தது. அதன் முக்கோணப் பற்கள் ஆதித் திமிங்கிலங்களின் பற்களைப் போலவே இருந்தன. 1966 இல் லீ வான் வேலன், திமிங்கிலம் இந்தக் கூட்டத்திலிருந்து வந்தது என்றார். பல ஆண்டுகள் பலரும் அதை ஏற்றார்கள். 2001 இல், பாகிஸ்தானில் கிடைத்த ஆதித் திமிங்கிலங்களின் கணுக்கால் எலும்புகள் வெளியிடப்பட்டன. ஆட்டுக்கால் ரசம் குடித்தவர்களுக்கு அந்த எலும்பு தெரிந்திருக்கும். மேல்முனையிலும் கீழ்முனையிலும் கிணற்றுக் கப்பிபோல வழவழப்பான பள்ளம். ஆடு, மாடு, மான், பன்றி, நீர்யானை ஆகிய இரட்டைக் குளம்பு இனங்களுக்கு மட்டும் உரிய அமைப்பு அது. மரபணு ஆய்வும் அதையே சொல்லிக்கொண்டிருந்தது. பல் சொன்ன உறவு விழுந்தது, கணுக்கால் சொன்ன உறவு நின்றது.

உள் மொங்கோலியாவில் 1923 இல் கிடைத்த அன்ட்ரூசார்க்கஸுக்கும் இதே கதி. 83 சென்ரிமீற்றர் நீளமான ஒரே ஒரு மண்டையோடு. அமெரிக்க ஆய்வாளர் ஒஸ்போர்ன் 1924 இல் பல்லைப் பார்த்து அதை மெசோனிக்கிட் என்றார். பெரிய ஓநாயாகப் படம் வரைந்து உலகமெல்லாம் பரப்பினார்கள். இப்போது அதை இரட்டைக் குளம்புக்காரரின் பக்கம், பன்றிபோலத் தோன்றிய என்டெலொடொன்டுகளுக்கு அருகே வைக்கிறார்கள். அதனால்தான் இன்று பல்லோடு காதின் அடியிலுள்ள எலும்புக் குமிழையும் கணுக்காலையும் சேர்த்துக் கேட்கிறார்கள். பூனையைப் போன்ற பல்லோடு வாழ்ந்த நிம்ராவிட் கூட்டத்தைப் பூனைக் குடும்பத்திலிருந்து வெளியே எடுக்கவும் அந்தக் காதெலும்பு உதவியது.

நம் நாட்டிலும் ஒரு பல் கதை உண்டு. கொழும்பு தேசிய நூதனசாலையின் பணிப்பாளராக இருந்த பி. ஈ. பி. தெரணியகல, இரத்தினபுரிக்கு அருகே குருவிட்டவில் கிடைத்த இரண்டு பற்களை வைத்து 1939 இல் இலங்கைச் சிங்கம் என்ற துணையினத்தை விவரித்தார். தற்காலச் சிங்கங்களின் பல்லைவிட ஒடுங்கி நீண்டிருக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். அது சிங்கம்தான் என்று எப்படித் தீர்மானித்தார் என்பதை அவர் விளக்கவில்லை. சிங்கத்தின் கத்தரிப்பல்லையும் புலியுடையதையும் பிரிப்பது எளிதல்ல. பின்னர் 2005 இல் வெளிவந்த ஆய்வொன்று, அதே பகுதியில் கிடைத்த எச்சங்களைக்கொண்டு இங்கே புலியும் இருந்திருக்கிறது என்றது. இரண்டு பற்களை வைத்துத் தனித் துணையினம் அமைப்பது துணிச்சலான காரியம் என்பது என் எண்ணம். ஆனால் பெரிய பூனைகள் இங்கே வாழ்ந்தன என்பதில் எனக்கு ஐயமில்லை. கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலங்களில் பாக்கு நீரிணை தரையாகக் கிடந்தது. அவை நடந்து வந்த வழி இந்தப் பக்கமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

உங்கள் தாடைக்குத் திரும்புவோம். நல்ல தண்ணீரில் பழைய பல்தூரிகையால் மெதுவாகக் கழுவுங்கள். அமிலமோ வெளிற்றும் தூளோ வேண்டாம், மிளிரி கெட்டுவிடும். வெயிலில் வைத்தால் வெடிக்கும், நிழலில் உலரவிடுங்கள். பிறகு ஒரு கைவில்லையை எடுத்துப் பெரிய பல்லின் கன்னப்பக்கத்தைப் பாருங்கள். மேற்பல் உரசி இறங்கிய இடம் கண்ணாடிபோலப் பளபளக்கும், சாய்வான தளமாகத் தெரியும். அது ஒரு கீற்றளவில் இருந்தால் இளம் பிராணி. அலகின் உயரத்தில் பாதியைத் தின்றிருந்தால் நெடுங்காலம் வாழ்ந்து முதிர்ந்தது. அந்தப் பக்கத்தைக் கிட்டவைத்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பக்கத்தில் ஓர் அடிமட்டத்தையும் வையுங்கள்.